பேராதனை மண்டபங்கள்: மண்டபமா, விடுதியா?

வாசகர் கேள்வி – 2021 ஜூன் 6

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் எல்லோரும் "இராமநாதன் மண்டபம்", "அருணாசலம் மண்டபம்" என்று பெருமையாகப் பேசுகிறார்கள். மற்றப் பல்கலைக்கழகங்களில் இருப்பது விடுதி, இங்கே மட்டும் மண்டபமா? இரண்டும் படுத்தெழும்பும் இடந்தானே. மரபு என்று நீங்கள் சொல்வதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன மேசைப் பழக்கமும், புதிய மாணவரை மூத்தவர்கள் வதைக்கும் பகிடிவதையும் தவிர வேறொன்றுமில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2021 ஜூன் 7

மறுக்கிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. மண்டபம் என்ற சொல் ஆடம்பரத்துக்கு வந்ததன்று. அதற்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது. 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியையும் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியையும் ஒன்றாக்கி 1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது, அதன் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் யாவரும் வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் உறுதியாக இருந்தார். அவருடைய கணக்கில் வகுப்பறை பாதி, தங்குமிடம் மற்றப் பாதி. வார்டன் என்பவர் கதவைப் பூட்டித் திறப்பவராக இல்லாமல் விரிவுரையாளர்களுள் ஒருவராக இருந்து மாணவரோடு சேர்ந்து உண்பார். நூலகத்தில் தொடங்கிய தர்க்கம் சாப்பாட்டு மேசையில் தொடரும். விடுதி என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் கிடையாது. விடுதியில் தங்குகிறோம்; மண்டபத்தில் கூடுகிறோம்.

கொழும்பா கண்டியா என்று ஆண்டுக்கணக்கில் நீடித்த இடச்சண்டை முடிந்து, மகாவலிக் கரையில் அந்தானை மலையடிவாரத்துத் தோட்டக் காணியில் இடம் குறிக்கப்பட்டது. பேட்ரிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் வளாகத் திட்டத்தை வரைந்தார்கள். ஷேர்லி டி அல்விஸ் கட்டடக் கலைஞர். 1949இல் சட்டம், விவசாயம் முதலிய துறைகள் வந்தன. 1952இல் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. 1954 ஏப்ரல் 20ஆம் திகதி இரண்டாம் எலிசபெத் அரசியின் முன்னிலையில் எடின்பரோக் கோமகன் முறைப்படி திறந்து வைத்தார். ஜெனிங்ஸ் பிரிஸ்டல் நகரத்துத் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகன். உதவிப்பணத்தில் படித்து மேலே வந்தவர். பேராதனையை விட்டுப்போய் அவர் தலைமை ஏற்ற கேம்பிரிட்ஜ் கல்லூரியின் பெயரும் திரினிட்டி ஹோல் என்பதுதான். மனிதர் எங்கே போனாலும் மண்டபம் அவரை விடவில்லை.

2021 ஜூன் 8

பெயர்களைப் பற்றி ஒன்று. பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரை ஒரு மண்டபத்துக்கு வைத்ததில் நியாயம் தெளிவாக இருக்கிறது: 1906இலேயே இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்துக் கேட்டவர் அவர். அக்பர் மண்டபம், பல்கலைக்கழகம் கண்டிப் பக்கத்தில் அமைய வேண்டும் என்று வாதாடிய நீதியரசரின் பெயரைத் தாங்கியது. மார்ஸ் மண்டபத்துக்குப் பெயர் தந்தவர் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். அருணாசலத்தின் அண்ணன் இராமநாதனின் பெயரில்தான் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வருவதுண்டு. சுன்னாகத்தில் பெண்களுக்கென்று கல்லூரி கட்டியவர், திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியைத் தொடங்கியவர், அதன் வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் பிறந்தது. இவை எல்லாம் உண்மை. ஆனால் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுக்கக் கூடாது என்று, அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் கடுமையாக எதிர்த்தவரும் அவரே. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் வழியாக வந்த தோட்டக்காரன் மகனும் மீன்பிடிகாரன் மகளும் அவருடைய பெயர்ப்பலகைக்குக் கீழே ஈரத் துணி காயப்போட்டார்கள். கல்லில் பெயர் வெட்டுகிறவர்கள் கொடிக்கயிற்றைப் பற்றி யோசிப்பதில்லை.

2021 ஜூன் 8, இரவு

மண்டபம் என்ற சொல்லால் என் குடும்பத்துக்கு வந்த வினையையும் எழுதிவிடுகிறேன். 1993இல் நான் பேராதனைக்குப் போனதும் வீட்டுக்கு எழுதிய முதற் கடிதத்தில், "மண்டபத்தில் இடம் கிடைத்துவிட்டது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை" என்று எழுதியிருந்தேன். கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய அயல்வீட்டுக்காரர், நான் வள்ளம் ஏறி இராமேசுவரம் போய் மண்டபம் அகதி முகாமில் சேர்ந்துவிட்டதாக விளங்கிக்கொண்டு, ஊர் முழுவதும் சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் அழுதிருக்கிறார். அடுத்த கடிதத்திலிருந்து நானும் ஹொஸ்டல் என்றே எழுதத் தொடங்கினேன். கேள்வி கேட்ட நண்பர் இதை ஒரு வெற்றியாகக் கொள்ளலாம்.

2021 ஜூன் 11

மேசைப் பழக்கம் என்று நண்பர் எழுதியதற்கு இப்போது வருகிறேன். நான் இருந்த மண்டபத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். பின்னால் எழுதப் போகிறவற்றுக்கு அது தேவையும் இல்லை. அதன் சாப்பாட்டறையின் ஒரு கோடியில், சுவரிலிருந்து சுவர்வரை ஓடும் ஒரு மேடை இருந்தது. ஒரு அடி உயரம் இருக்கும். மேலே பலகை பாவியது, விளிம்பு தேய்ந்து கருத்துப் போயிருந்தது. என் அப்பா 1957 தொடக்கம் 1961 வரை அதே மண்டபத்தில் இருந்தவர். வார்டனும் விருந்தினரும் அமரும் உயர்மேசை அந்த மேடையில்தான் இருந்தது என்றும், மாதத்தில் ஒருநாள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு விருந்துண்டதாகவும், வெள்ளைச் சீருடைப் பரிசாரகர்கள் சூப் ஊற்றியதாகவும், ஆளுக்கொரு தனியறை இருந்ததாகவும் அவர் சொல்லுவார். பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து போன பையன், முள்ளுக்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பதைப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துத்தான் பழகினானாம். பக்கத்தில் இருந்தவனும் இவரைப் பார்த்தே பழகிக்கொண்டிருந்தான் என்பது மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்ததாம்.

என் காலத்தில் அதே மேடையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அப்பாவின் தனியறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: இரண்டு கட்டில், மூன்றாமவனுக்கு மெத்தை, பகலில் அதைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட வேண்டும். மாத்தறைக்காரன் ஒருவனும் அக்குறணைக்காரன் ஒருவனும் நானுமாக அந்த மெத்தையை வாரமுறை வைத்துப் பங்கிட்டோம்.

2021 ஜூன் 12

குப்பியை எழுதாமல் பேராதனை மரபைப் பற்றி எழுதக் கூடாது. பரீட்சைக்கு முன்பு, பாடம் விளங்கிய ஒருவர் விளங்காதவர்களைக் கூட்டிவைத்து இரவிலே சொல்லிக்கொடுப்பதற்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் குப்பி என்று பெயர். மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கிலிருந்து வந்த சொல். கட்டணம் கிடையாது, மிஞ்சிப்போனால் ஒரு தேநீர். சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் முதல் வகுப்புக்காரராக இருக்கமாட்டார். ஒருமுறை தவறிப்போய் மறுபடி எழுதியவராக இருப்பார், ஏனென்றால் எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நான் வந்த நாட்களில் "இன்றிரவு குப்பி இருக்கிறது, வா" என்று ஒரு சிரேஷ்ட மாணவர் என் காதருகே சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. 1993இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலை இரவிலே வள்ளத்தில் கடந்து வந்தவனுக்குக் குப்பி என்றால் போராளிகளின் கழுத்திலே தொங்கும் சயனைட்டு நஞ்சு. மூன்றாம் மாடி நடைபாதையின் கோடியில், ஒரு பழைய கதவைச் சுவரில் சாய்த்துக் கரும்பலகையாக்கி, அவர் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தமிழில் விளக்கத் தொடங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. ஊரில் மின்சாரம் நின்றுபோய், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுத் திரியேற்றிய விளக்கிலே உயர்தரம் படித்தவன் நான். எரிகிற மின்குமிழுக்குக் கீழே இருந்துகொண்டு அதைக் குப்பி என்று சொல்வதை ஒரு கேலியாகவே முதலில் எடுத்துக்கொண்டேன்.

இந்த மரபை ஜெனிங்ஸ் கொண்டுவரவில்லை. ஆங்கிலத்தில் நடந்த விரிவுரை எட்டாத பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆனால் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இல்லாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? கட்டடம் அவருடையது, பயன் எங்களுடையது.

2021 ஜூன் 13

பெண்கள் மண்டபங்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்கிறார். சங்கமித்தை, ஹில்டா ஒபேசேகர ஆகிய மண்டபங்களின் வாயில்வரை எனக்குத் தெரியும். அதற்கு அப்பால் நடந்தவற்றை அங்கே இருந்தவர்கள் எழுதட்டும்.

2021 ஜூன் 15

பகிடிவதை. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நண்பர் இதை மரபுக் கணக்கில் சேர்த்தது எனக்கு எரிச்சலூட்டியது. ஆனால் சேர்த்தவர் அவர் மட்டும் இல்லை, செய்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் சேர்த்தார்கள். "இது எங்கள் மண்டபத்து மரபு, எங்களுக்குச் செய்தார்கள், நாங்கள் செய்கிறோம்" என்பதே அவர்களுடைய முழு நியாயம். 1975இல் பேராதனையில் பகிடிவதைக்குத் தப்புவதற்காக மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாதவரானார். 1997இல் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்து இதைக் குற்றமாக்கியது. அந்தத் தமிழ் மாணவரை வதைத்தவர்களும் தமிழ் மாணவர்களே என்பதை நாங்கள் தணிந்த குரலிலேயே சொல்லிக்கொள்வோம்.

என்னை என்ன செய்தார்கள் என்றால், அந்தச் சாப்பாட்டறை மேடையில் ஏற்றி, ஒரு கையில் தட்டோடு நிற்கவைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை பேராதனைப் புகையிரத நிலையத்தின் அறிவிப்பாளராக என்னை நடிக்கச் சொன்னார்கள். முதல் நாள் சிரிப்பாக இருந்தது. பதினான்காம் நாள் நான் தட்டையே எடுக்கவில்லை. அறையில் பாணும் சீனியும் தின்றுவிட்டுப் படுத்தேன். அடுத்த ஆண்டு நான் யாரையும் எதுவும் செய்யவில்லை என்பதை மட்டும் நெஞ்சிலே கைவைத்துச் சொல்வேன்.

2021 ஜூன் 16

சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். அவர் 1962இல் அதே மண்டபத்துக்கு வந்தவர்; கலைப்பீடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் படிக்கத் தொடங்கிய ஆரம்பத் தொகுதிகளைச் சேர்ந்தவர். ஜூன் 11ஆம் திகதிக் குறிப்பில் நான் எழுதியதில் இரண்டு திருத்தம் சொன்னார். ஒன்று, அப்பாவுக்குத் தனியறை கிடைத்தது கடைசி ஆண்டில் மட்டும்; அதற்கு முன்பு இருவராகத்தான் இருந்தார், அந்த மற்றவரோடு கோபித்துக்கொண்டபடியால் கதையில் அவரை நீக்கிவிட்டார். இரண்டு, அந்த மேடை ஒரு அடி உயரம் இல்லை, "ஆறு அங்குலந்தான், நான் அதில் எத்தனை தரம் கால் இடறி விழுந்தனான் தெரியுமோ?"

இடறி விழுந்த காரணம் சுவையானது. அந்த ஆண்டுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றிக்கொண்டிருந்தார்: 1962இல் கர்ணன் போர், பின்னர் இராவணேசன். கொஞ்சம் முன்னதாகப் பேராசிரியர் சரச்சந்திர சிங்கள மாணவரோடு மனமே நாடகத்தைச் செய்திருந்தார்; அந்தக் காற்று எல்லோர் மேலும் அடித்தது. சித்தப்பாவுக்குக் கூத்தில் இடம் கிடைக்கவில்லை. குரல் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் நடித்தவர்கள் ஒத்திகை முடிந்து திரும்பிவந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உயர்மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அந்த மேடையில் கூத்தின் வடமோடி ஆட்டத்தை ஆடிக்காட்டுவார்களாம். எட்டுப் போடும்போது விளிம்பு மறந்துபோகும். பலகை விளிம்பு தேய்ந்ததற்குச் சப்பாத்துக் காலோடு வந்த பரிசாரகர்கள் காரணமில்லை, தாங்கள்தான் காரணம் என்று உரிமை கொண்டாடுகிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

2021 ஜூன் 19

ஜூன் 15ஆம் திகதி நெஞ்சிலே கைவைத்துச் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. என்னோடு படித்து இப்போது கனடாவில் இருக்கும் ஒருவன் தனியே எழுதி ஒரு காட்சியை நினைவூட்டினான். 1994இல் புதிதாக வந்த வவுனியாப் பையன் ஒருவனை வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குத் திருவெம்பாவைக்குக் கூட்டிப்போனோம். மழை பெய்து ஓய்ந்த விடியற்காலை. சரிவுப் பாதை முழுவதும் அட்டை. அவனுடைய செருப்பை வாங்கி நான் கையில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குச் செருப்போடு போகக் கூடாது என்பது மண்டபத்து மரபு என்று சொன்னேனாம். மற்றவர்கள் எல்லோரும் வாசல்வரை செருப்போடு போனோம். அவன் கணுக்காலிலிருந்து மூன்று அட்டையைப் பிடுங்கினான், இரத்தம் வேட்டியில் ஊறியது, நாங்கள் சிரித்தோம்.

எனக்கு அந்த விடியற்காலை நினைவிருந்தது. பாடலும் பனியும் பொங்கலும் நினைவிருந்தன. செருப்பு என் கையில் இருந்தது மட்டும் நினைவில் இல்லை. அடித்தால்தான் வதை என்று ஒரு கோட்டைக் கீறி, அதற்கு இப்பால் நின்றுகொண்டு என்னை நானே நல்லவன் என்று இருபத்தேழு ஆண்டுகளாக நம்பியிருக்கிறேன். அப்பாவின் தனியறைக் கதைக்குச் சிரித்தவனும் நான்தான். மரபு என்ற சொல்லை நானே அந்தப் பையனிடம் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதுதான் இந்த இழையை எழுதும்போது கூடுதலாக உறுத்துகிறது. நேற்றுவரை இல்லாத ஒன்றை அந்தக் கணத்தில் உண்டாக்கி அதற்கு நூற்றாண்டு வயதைக் கொடுக்க ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது.

2021 ஜூன் 20

மண்டபத்து வாழ்க்கையை இவ்வளவு இனிமையாக எழுதுவது நியாயமா, தமிழ் மாணவர்களுக்கு அங்கே நடந்தவை மறந்துவிட்டனவா என்று கேட்டிருக்கிறார்கள். மறக்கவில்லை. 1983 மே மாதத்தில், ஜூலைக்கு முன்பே, பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு மண்டபங்களை விட்டு வெளியேறினார்கள். 1989இல், ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில், வளாகத்து அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட தலைகளை வைத்திருந்தார்கள். அவை சிங்கள இளைஞர்களுடையவை. நாங்கள் வந்தபோது இவை நான்கு வருடக் கதையும் பத்து வருடக் கதையுமாக இருந்தன. சமையற்கூடத்து வயதானவர் குளத்துப் பக்கத்தால் போகமாட்டார், சுற்றுவழியால் நடப்பார்.

எனக்கு நடந்ததை எழுதுகிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து வலிகாமம் போருக்கு அஞ்சி ஒரே இரவில் வெளியேறியபோது என் வீட்டாரும் நாவற்குழிப் பாலத்தால் நடந்து தென்மராட்சிக்குப் போயிருக்கிறார்கள். எனக்கு அது உறுதியாகத் தெரிந்தது பல மாதங்களுக்குப் பின்பு. இடையில் 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். சாப்பாட்டறை நிரம்பி, யன்னலிலும் ஆட்கள் தொங்கினார்கள். அரவிந்த டி சில்வா சதம் அடித்தபோது நானும் எழுந்து கத்தினேன், கத்திக்கொண்டிருக்கும்போதே இவர்கள் எல்லோரும் வீட்டுக்கு எழுதுவார்கள், நான் யாருக்கு எழுதுவது என்று தோன்றி, நடுவிலே இருந்துவிட்டேன். மாத்தறைக்காரன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் மெத்தை முறை என்னுடையது. அறைக்குப் போனபோது அவன் ஏற்கெனவே மெத்தையில் படுத்திருந்தான், கட்டிலை எனக்கு விட்டிருந்தான். ஊர்க் கடிதம் வந்து சேரும்வரை அவன் கட்டிலுக்குத் திரும்பவில்லை. இதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை, பேசியதும் இல்லை.

2021 ஜூன் 24

கேள்வி கேட்ட நண்பர், "அப்படியானால் மண்டபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேடை ஆறு அங்குலமா ஒரு அடியா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்" என்று எழுதியிருக்கிறார். நியாயமான கோரிக்கை. என் மருமகள் இப்போது பேராதனையில் மூன்றாம் ஆண்டு. அந்த மண்டபத்தில் இருக்கும் வகுப்புத் தோழன் ஒருவனிடம் கேட்டுப்பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். தொற்றுக் காலமாகையால் மண்டபங்கள் அடைத்துக் கிடக்கின்றன; திறந்ததும் அளப்பார்கள்.

2022 பெப்ரவரி 2

அளந்தாயிற்று. பலகையைக் கழற்றிவிட்டு ஓடு பதித்திருக்கிறார்கள். மேலே உடைந்த பிளாத்திக்குக் கதிரைகள் அடுக்கியிருக்கின்றன. அடிமட்டத்தை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான் பையன். ஓட்டோடு சேர்த்து ஏழு அங்குலம். ஓட்டின் கனத்தைக் கழித்தால் சித்தப்பா சொன்னது ஏறக்குறையச் சரி; அவருக்கு இன்றே அறிவித்துவிட்டேன், கழிக்க வேண்டிய அரை அங்குலம் போதாது என்று இப்போது அவரே வாதாடுகிறார்.